ரூபாய் வலுவடையும்போது வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு நேர்வது என்ன?

மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்களைக் காண 2007-ஆம் ஆண்டில் வந்த வெளிநாட்டுப் பயணி, நுழைவுச் சீட்டுக்கான கட்டணத்தை இரு வகையில் செலுத்தலாம் என்ற நிலை இருந்தது. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கு இந்தியத் தொல்லியல் துறை வகுத்திருந்த கட்டணம் 250 ரூபாய் அல்லது 5 அமெரிக்க டாலர் ஆகும். ஒரு டாலருக்கு 50 ரூபாய் என்ற கணக்கில் அமைந்த கட்டணம் அது. அவ்வாண்டின் இறுதியிலோ டாலரின் மதிப்பு 39 ரூபாய் 40 காசு அளவுக்கு இறங்கியிருந்தது. ரூபாயாகச் செலுத்தியவரிடமிருந்து 250 ரூபாய் கிடைத்தது. டாலராகச் செலுத்தியவரிடமிருந்து 197 ரூபாயே கிடைத்தது. தாஜ்மகாலிலும் இதே நிலைதான். 2008-ஆம் ஆண்டு தொடங்கிய வேளையில், இத்தகைய சின்னங்களில் இனி டாலர் ஏற்கப்படாது, ரூபாயில் மட்டுமே கட்டணம் பெறப்படும் என்று அரசு அறிவித்தது.

நுழைவுச் சீட்டைப் பொறுத்தவரை ஓர் அறிவிப்புடன் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அதே வாயிலுக்கு வெளியே வாடகை ஊர்தி வைத்திருந்தவர், விடுதி நடத்தியவர், வழிகாட்டி, கற்சிற்பம் செதுக்கி விற்றவர் ஆகியோருக்கு அப்படி ஓர் அறிவிப்பால் தீர்வு காண இயலவில்லை. உள்நாட்டு நாணயம் வலுவடையும்போது வெளிநாட்டுச் சுற்றுலாவில் யாருக்கு என்ன நேர்கிறது, எவர் இழக்கிறார், அந்த இழப்பைக் குறைத்துக்கொள்ளும் வழிகள் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வலுவடைதல் என்றால் என்ன?

ஒரு டாலரைப் பெற முன்பு 44 ரூபாய் தேவைப்பட்டு, இப்போது 39 ரூபாயே போதும் என்றால் ரூபாய் வலுவடைந்துள்ளது என்கிறோம். எண் குறைவதால் ரூபாய் இறங்கிவிட்டது என்று சிலர் மயங்குவதுண்டு. இங்கே 44-இலிருந்து 39-க்கு இறங்கியது டாலரின் விலை. ஏறியது ரூபாயின் மதிப்பு.

நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. ஒரு நாணயம் தனித்து வலுவடைவதில்லை. வேறொரு நாணயத்துடன் ஒப்பிட்டே வலுவடைகிறது. ஆகவே 'ரூபாய் வலுத்துவிட்டது' என்ற செய்தியைக் கேட்டவுடன், 'எந்த நாணயத்துக்கு எதிராக?' என்று கேட்பதே முறை. இந்தக் கேள்வி சுற்றுலாத் தொழிலில் எவ்வளவு முதன்மையானது என்பதைச் சற்றுப் பின்னர்ப் பார்ப்போம்.

ரூபாயின் மதிப்பு காலப்போக்கில் தேய்ந்தே வரும் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. 1991-ஆம் ஆண்டின் மதிப்புக் குறைப்புக்கு முன் ஒரு டாலர் ஏறத்தாழ 21 ரூபாய். 2002-ஆம் ஆண்டில் 49 ரூபாய். நீண்ட காலப் போக்கு அதுவே. ஆயினும் இடையிடையே திசை மாறும் காலங்கள் உண்டு. 2007 அத்தகைய ஆண்டு. 2017-ஆம் ஆண்டிலும் 68 ரூபாய் அளவில் தொடங்கிய டாலர், ஆண்டு முடிவில் 64 ரூபாய்க்குக் கீழ் இறங்கியது. டாலர் எப்படியும் ஏறும் என்று நம்பித் தொழில் செய்தவர்களுக்கே இத்தகைய ஆண்டுகளில் அடி விழுந்தது.

2007-இல் நிகழ்ந்தது

2007-ஆம் ஆண்டு தொடங்கியபோது ஒரு டாலர் ஏறத்தாழ 44 ரூபாய். ஆண்டு முடிந்தபோது 39 ரூபாய் 40 காசு. பன்னிரண்டே மாதங்களில் டாலர் தன் ரூபாய் மதிப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இழந்திருந்தது.

காரணங்கள் பல. அப்போது இந்தியப் பொருளாதாரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. பங்குச் சந்தையிலும் தொழில்களிலும் முதலிட வெளிநாட்டுப் பணம் பெருமளவில் வந்தது. இந்திய நிறுவனங்கள் வெளிநாடுகளில் கடன் பெற்று உள்நாட்டுக்குக் கொண்டுவந்தன. உலகச் சந்தையிலும் டாலர் தளர்ந்திருந்தது. வந்து குவிந்த டாலர்களை இந்திய ரிசர்வ் வங்கி வாங்கியபடியே இருந்தது. 2007 மார்ச் இறுதியில் ஏறத்தாழ 19,900 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2008 மார்ச் இறுதியில் ஏறத்தாழ 31,000 கோடி டாலராக உயர்ந்தது. அவ்வளவு வாங்கியும் ரூபாயின் ஏற்றம் மட்டுப்பட்டதே தவிர நிற்கவில்லை.

இவற்றுள் எதுவும் சுற்றுலாத் தொழிலால் விளைந்ததன்று. சுற்றுலாத் தொழில் தன் கையில் இல்லாத ஒரு விலையை அன்றாடம் சார்ந்திருக்கிறது. அதனாலேயே அத்தொழிலில் உள்ளவர்கள் இந்த விலையின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பயணியின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். அமெரிக்கப் பயணி ஒருவர் தென்னிந்தியாவில் இரண்டு வாரம் தங்க 2,000 டாலர் ஒதுக்கியிருக்கிறார். அதில் 1,000 டாலர் விமானச் சீட்டுக்கு. அதை அவர் தம் நாட்டிலேயே, தம் நாணயத்திலேயே செலுத்திவிடுகிறார். எஞ்சிய 1,000 டாலர் இந்தியாவில் செய்யும் செலவு. டாலர் 44 ரூபாயாக இருந்தபோது அது 44,000 ரூபாய்க்குச் சமம்.

டாலர் 39 ரூபாய் 40 காசாக இறங்கினால், அதே 44,000 ரூபாய்ச் செலவுக்கு அவருக்கு ஏறத்தாழ 1,117 டாலர் வேண்டும். இந்தியச் செலவு 12 விழுக்காடு அளவுக்குக் கூடியது. ஆனால் மொத்தப் பயணச் செலவு 2,000 டாலரிலிருந்து 2,117 டாலராக, அதாவது 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவே கூடியது. பயணத்தையே கைவிடச் செய்யும் அளவுக்கு இது பெரிய தொகையன்று.

ஆகவே நாணயம் வலுத்ததும் பயணிகள் கூட்டம் கூட்டமாக வேறு நாடு தேடிப் போய்விடுவர் என்று எண்ணுவது பெரும்பாலும் சரியாகாது. விமானச் சீட்டு முன்னரே வாங்கப்பட்டிருக்கும். விடுமுறை நாள்கள் உறுதியாகியிருக்கும். வந்தவர் வேறு வகையில் ஈடுகட்டுகிறார். பத்து நாளை எட்டு நாளாகச் சுருக்குகிறார். நல்ல அறைக்குப் பதிலாக எளிய அறையில் தங்குகிறார். தனி ஊர்திக்குப் பதிலாகப் பேருந்தில் செல்கிறார். வாங்க எண்ணியிருந்த கற்சிலையை எடுத்துப் பார்த்து, மனத்துக்குள் டாலரில் கணக்கிட்டு, மீண்டும் வைத்துவிடுகிறார். வருவோர் எண்ணிக்கையைக் காட்டும் அறிக்கையில் இவை எவையும் தென்படுவதில்லை. ஆனால் சிற்பக் கடைக்காரரின் அன்றைய வரவில் தென்படுகின்றன.

பெறுபவரின் கணக்கு

இனி மறுபுறம் பார்ப்போம். சிறிய சுற்றுலா நிறுவனம் ஒன்று, குளிர்காலப் பருவத்துக்கான விலையை 2007 பிப்ரவரியில் வெளிநாட்டு முகவரிடம் டாலரில் உறுதி செய்கிறது என்று கொள்வோம். வெளிநாட்டுப் பயண முகவர்கள் அடுத்த பருவத்துக்கான விலைப் பட்டியலைப் பல மாதங்களுக்கு முன்பே அச்சிட்டுவிடுவது வழக்கம். ஒரு பயணிக்கு 1,000 டாலர் என்பது ஒப்பந்தம்.

பிப்ரவரியில் போட்ட கணக்குப்படி வரவு 44,000 ரூபாய். விடுதி, ஊர்தி, எரிபொருள், வழிகாட்டி, உணவு, நுழைவுக் கட்டணம் ஆகியவற்றுக்கான செலவு 38,000 ரூபாய். எதிர்பார்த்த ஆதாயம் 6,000 ரூபாய்.

டிசம்பரில் பயணி வந்து சென்றபின் கைக்கு வந்த தொகை 39,400 ரூபாய். செலவு முழுவதும் ரூபாயில் ஆனதால் அது 38,000 ரூபாயாகவே நின்றது. மிஞ்சியது 1,400 ரூபாய்.

டாலரின் மதிப்பில் ஏற்பட்ட இறக்கம் பத்தரை விழுக்காடு. நிறுவனத்தின் ஆதாயத்தில் ஏற்பட்ட இறக்கமோ நான்கில் மூன்று பங்குக்கும் மேல். வரவு முழுவதும் வெளிநாட்டு நாணயத்திலும் செலவு முழுவதும் ரூபாயிலும் இருக்கும் தொழில்களுக்கு இதுவே பொதுவான இயல்பு. ஆதாயம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு பெரிதாக அடி விழும். இருபது பேர் கொண்ட ஒரு குழுவுக்கு இழப்பு 92,000 ரூபாய். ஊர்திக் கடனுக்கு மாதத் தவணை செலுத்தும் ஒருவருக்கு இது சில தவணைகளுக்குச் சமமான தொகை. அவருடைய சேவையில் குறை எதுவும் இல்லை. பயணியும் மனநிறைவுடன் திரும்பியிருப்பார். ஆயினும் அவருக்கு மிஞ்சியது மிகச் சிறிதே.

முந்தைய கணக்கில் பயணி 117 டாலர் கூடுதலாகச் செலவிட்டார். இந்தக் கணக்கில் அவர் ஒரு காசும் கூடுதலாகச் செலவிடவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. விலை ரூபாயில் எழுதப்பட்டிருந்தால் நாணய மாற்றத்தின் சுமை பயணியின் மேல் விழுகிறது. டாலரில் எழுதப்பட்டிருந்தால் பெறுபவரின் மேல் விழுகிறது. அக்காலத்தில் பெரிய விடுதிகள் வெளிநாட்டவருக்கு டாலரிலும் இந்தியருக்கு ரூபாயிலும் கட்டணம் அறிவிப்பது பரவலான வழக்கம். ரூபாய் வலுக்கத் தொடங்கியதும் பல விடுதிகள் எல்லாருக்கும் ரூபாய்க் கட்டணம் என்ற முறைக்கு மாறின. விடுதிகள் தம் சுமையை இவ்வாறு இறக்கி வைத்தபோது, டாலரில் விற்று ரூபாயில் அறை வாங்க வேண்டியிருந்த சுற்றுலா நிறுவனங்களின் தோளில் அது சேர்ந்தது.

நாட்டுக் கணக்கு காட்டுவது

இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2006-ஆம் ஆண்டில் 44.5 லட்சம் பேர், 2007-இல் 50.8 லட்சம் பேர். ரூபாய் வலுவடைந்த அந்த ஆண்டிலேயே வருகை 14 விழுக்காடு கூடியது.

சுற்றுலா அமைச்சகத்தின் மதிப்பீட்டின்படி, சுற்றுலாவால் நாடு ஈட்டிய அந்நியச் செலாவணி 2006-இல் ஏறத்தாழ 863 கோடி டாலர். 2007-இல் 1,073 கோடி டாலர். உயர்வு 24 விழுக்காடு. இதே வருவாயை ரூபாயில் பார்த்தால் 39,025 கோடியிலிருந்து 44,360 கோடியாயிற்று. உயர்வு 14 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஒரே வருவாய்தான்; டாலரில் அளந்தால் ஒரு வளர்ச்சி, ரூபாயில் அளந்தால் வேறொரு வளர்ச்சி.

இந்த எண்களைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 2006-இல் ஒரு பயணிக்குச் சராசரியாக 1,940 டாலர் அளவில் வருவாய் கிடைத்தது. 2007-இல் 2,110 டாலர் அளவில் கிடைத்தது. பயணி முன்னைவிடக் கூடுதலாகவே செலவிட்டிருக்கிறார். ஆனால் ரூபாயில் அந்தத் தொகை இரு ஆண்டுகளிலும் 87,000 ரூபாயைச் சற்றே தாண்டி, ஏறக்குறைய அசையாமல் நின்றது. அந்த ஓராண்டில் உள்நாட்டு விலைவாசி உயர்ந்திருந்ததால், அதே ரூபாய்க்குக் கிடைத்த பொருள் குறைந்தது. வெளிநாட்டவர் கூடுதலாகச் செலவிட்ட டாலர்களின் பயன், நாணய மாற்றத்திலேயே கரைந்துபோயிற்று என்பதே இதன் பொருள்.

சுற்றுலாத் தொழிலில் வருகை எண்ணிக்கையை மட்டும் கொண்டு மகிழ்வதோ வருந்துவதோ கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வருகை ஏன் குறையவில்லை?

ரூபாய் அவ்வளவு வலுத்தும் பயணிகள் குறையாததற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, நாம் முன்னர் எழுப்பிய கேள்வியின் விடை. ரூபாய் வலுவடைந்தது முதன்மையாக டாலருக்கு எதிராக. ஐரோப்பாவின் யூரோவும் அதே ஆண்டில் டாலருக்கு எதிராக வலுவடைந்துகொண்டிருந்தது. அதனால் ஆண்டின் தொடக்கத்தில் 58 ரூபாயை ஒட்டியிருந்த யூரோ, ஆண்டின் முடிவிலும் அதை ஒட்டியே இருந்தது. பிரான்சிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்தவருக்கு இந்தியா சற்றும் விலை கூடவில்லை. அமெரிக்கருக்கும் பிரிட்டானியருக்குமே அது விலை கூடிய நாடாயிற்று.

இரண்டாவது, வருவோரின் நோக்கம். அக்காலத்தில் இந்தியாவுக்கு மிகுதியாகப் பயணிகளை அனுப்பிய நாடுகள் அமெரிக்காவும் பிரிட்டனும். அங்கிருந்து வருவோரில் பெருந்தொகையினர் இந்திய வம்சாவளியினர். தங்கையின் திருமணத்துக்கும் தாத்தாவின் எண்பதாம் ஆண்டு விழாவுக்கும் வருபவர் நாணய விலையைப் பார்த்து நாள் குறிப்பதில்லை. தொழில் நிமித்தம் வருவோரின் செலவை அவர்தம் நிறுவனமே ஏற்கிறது.

மூன்றாவது, அவர்தம் நாடுகளில் அப்போது வருமானம் நன்றாக இருந்தது. பயணத்தைத் தீர்மானிப்பதில் விலையைவிட வருமானத்துக்கும் பாதுகாப்பு உணர்வுக்கும் வலிமை மிகுதி.

இந்த மூன்றாவது காரணத்தின் உண்மையை அடுத்துவந்த ஆண்டுகள் எதிர்த்திசையிலிருந்து மெய்ப்பித்தன. 2008-இல் உலக நிதி நெருக்கடி மூண்டது. அவ்வாண்டு நவம்பரில் மும்பைத் தாக்குதல் நிகழ்ந்தது. 2009 மார்ச்சில் டாலர் 51 ரூபாயைத் தாண்டியது. பயணிக்கு இந்தியா மலிந்த நாடாகிவிட்டது. மலிவு மட்டுமே ஈர்ப்பதாயின் அவ்வாண்டில் கூட்டம் பெருகியிருக்க வேண்டும். ஆனால் 2008-இல் 52.8 லட்சமாக இருந்த வருகை, 2009-இல் 51.7 லட்சமாகக் குறைந்தது. டாலர் வருவாய் ஏறத்தாழ 6 விழுக்காடு சரிந்தது. வியப்பு என்னவெனில், ரூபாய் வருவாய் அவ்வாண்டில் 4 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. பயணி குறைந்தும் வரவு கூடியதற்கு, தளர்ந்த ரூபாயே காரணம்.

இந்த ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஒரு முடிவுக்கு வரலாம். நாணயத்தின் ஏற்ற இறக்கம், எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைச் சிறிதளவே மாற்றுகிறது. வந்தவரால் உள்ளூரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பெரிதும் மாற்றுகிறது.

சுவிட்சர்லாந்து பெற்ற பாடம்

இம்முடிவு எங்கும் அப்படியே பொருந்துமா? பொருந்தாத இடமும் உண்டு. அதற்குச் சுவிட்சர்லாந்தைச் சான்றாகக் கொள்ளலாம்.

சுவிஸ் பிராங்க் அளவுமீறி வலுவடைவதைத் தடுக்க, ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை என்று அந்நாட்டின் மைய வங்கி 2011 செப்டம்பர் 6 அன்று அறிவித்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் அந்த வரம்பைக் காத்தபின், 2015 ஜனவரி 15 அன்று திடீரென அதைக் கைவிட்டது. அன்றே ஒரு யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே சென்று மீண்டது. ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குப் பருவம் நடந்துகொண்டிருந்த வேளை அது. முந்தைய நாள் இரவு உறங்கச் சென்ற ஜெர்மானியப் பயணிக்கு, மறுநாள் பிற்பகலில் அதே அறை பெரிதும் விலை கூடியதாகிவிட்டது.

அவ்வாண்டின் கணக்கில் சுவிஸ் விடுதிகளில் தங்கிய இரவுகளின் மொத்த எண்ணிக்கை ஒரு விழுக்காடுகூடக் குறையவில்லை. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறு. ஐரோப்பிய நாட்டவர் தங்கிய இரவுகள் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்தன. ஜெர்மானியர் தங்கிய இரவுகள் 12 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. ஆசிய நாட்டவர் தங்கிய இரவுகளோ ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவுக்குக் கூடின.

காரணம் எளிது. ஜெர்மானியருக்கு மாற்று இடம் அருகிலேயே இருந்தது. எல்லை தாண்டினால் ஆஸ்திரியாவில் அதே ஆல்ப்ஸ் மலை, அதே பனி, செலவு யூரோவில். சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வாழ்நாளில் ஒருமுறை வருபவருக்குச் சுவிட்சர்லாந்துக்கு ஈடாக வேறோர் இடம் மனத்தில் இல்லை. ஆகவே, ஐரோப்பியரை நம்பியிருந்த கிரௌபுண்டன் மாநில மலைக் கிராமங்கள் வருந்தின. ஆசியக் குழுக்கள் நாடும் இன்டர்லாக்கன், லூசெர்ன் போன்ற ஊர்கள் நிறைந்தன. மொத்தக் கணக்கில் தெரியாத இழப்பு, குறிப்பிட்ட ஊர்களின் குறிப்பிட்ட விடுதிகளின் மேல் இறங்கியது.

இதை நம் நாட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலையோ தாஜ்மகாலையோ காண விரும்புபவருக்கு மாற்று இல்லை. வெயிலும் கடலும் மட்டுமே நாடி வருபவருக்குத் தாய்லாந்து உண்டு, இலங்கை உண்டு. எனவே கடற்கரை விடுதி நடத்துபவர் நாணய மாற்றத்துக்கு எளிதில் ஆளாவார். ஈடற்ற சின்னம் ஒன்றின் அருகே தொழில் செய்பவர் சற்றுத் தாங்குவார்.

வெளிநாடு செல்லும் நம்மவர்

ரூபாய் வலுக்கும்போது மற்றொரு வாயிலும் திறக்கிறது. வெளிநாட்டுப் பயணம் நமக்கு மலிகிறது. கோடை விடுமுறையை நீலகிரியிலோ மூணாறிலோ கழிக்க எண்ணியிருந்த குடும்பம், சிங்கப்பூருக்கான செலவையும் கணக்கிட்டுப் பார்க்கத் தொடங்குகிறது. பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைக்கும் பெற்றோருக்கும் கட்டணச் சுமை குறைகிறது. சுற்றுலாத் தொழில் இழப்பதை இவர்கள் பெறுகிறார்கள். ஆகவே வலுவான ரூபாய் நல்லதா, தீயதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஒருவருடைய வரவு எந்த நாணயத்தில், செலவு எந்த நாணயத்தில் என்பதே விடையைத் தீர்மானிக்கும்.

சுற்றுலாத் தொழிலிலுள்ள வாடிக்கையாளர் செய்யத்தக்கவை

நாணயத்தின் போக்கை முன்கூட்டியே கணிக்க முயல்வது வீண். எத்திசையில் சென்றாலும் தாங்கும்படி தொழிலை அமைத்துக்கொள்வது இயலும். அதற்கான வழிகள் சில:

1. விலையை எந்த நாணயத்தில் எழுதுவது என்பதை எண்ணித் தீர்மானியுங்கள். ரூபாயில் எழுதினால் உங்கள் வரவு உறுதி. வெளிநாட்டு முகவர் இசையாவிடில், குறிப்பிட்ட மாற்று விகிதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதிலிருந்து இன்ன அளவுக்கு மேல் இருபுறமும் விலகினால் விலை திருத்தப்படும் என்ற விதியைச் சேர்க்கலாம். ரூபாய் தளரும்போது அவருக்கும் விலை குறையும் என்பதால், இது இரு தரப்புக்கும் நேர்மையான ஏற்பாடு.

2. விலை செல்லுபடியாகும் காலத்தைக் குறையுங்கள். ஓராண்டுக்கு விலை உறுதி தருவதைவிட, பருவந்தோறும் விலை தருவது நன்று. முன்பணம் எவ்வளவு விரைவில் வருகிறதோ அவ்வளவுக்கு நாணய இடர் குறையும்.

3. முன்பேர ஒப்பந்தத்தைப் பயன்படுத்துங்கள். வங்கிகளில் 'ஃபார்வர்டு கான்ட்ராக்ட்' என்று வழங்குவது இதுவே. டிசம்பரில் வரவிருக்கும் டாலரை இன்ன விகிதத்தில் விற்பேன் என்று இன்றே வங்கியுடன் உடன்படிக்கை செய்துகொள்வது இதன் முறை. நாம் முன்பு கண்ட நிறுவனம், 1,000 டாலரில் 600 டாலரை 44 ரூபாய்க்கு முன்கூட்டியே விற்றிருந்தால் அதன் வரவு 42,160 ரூபாயாகவும், ஆதாயம் 1,400 ரூபாய்க்குப் பதிலாக 4,160 ரூபாயாகவும் இருந்திருக்கும். மாறாக டாலர் 48 ரூபாயாக ஏறியிருந்தால், ஒப்பந்தம் செய்யாதவருக்கு 10,000 ரூபாய் ஆதாயம். இவருக்கு 7,600 ரூபாய். விட்டுக்கொடுத்த அந்தத் தொகையைக் காப்பீட்டுக் கட்டணம் போலக் கருத வேண்டும்.

4. முழுத் தொகைக்கும் ஒப்பந்தம் செய்யாதீர்கள். சுற்றுலாவில் பதிவுகள் விலக்கிக்கொள்ளப்படுவது இயல்பு. குழு வராமற்போனால், வராத டாலருக்கான ஒப்பந்தத்தை அன்றைய சந்தை விலையில் நீக்க வேண்டிவரும்; அதில் இழப்பு நேரலாம். உறுதியான பதிவுகளுக்கு மட்டும், அதிலும் ஒரு பகுதிக்கு ஒப்பந்தம் செய்வதே அறிவுடைமை.

5. அந்நியச் செலாவணி ஈட்டுவோர் கணக்கைத் தொடங்குங்கள். இ.இ.எஃப்.சி. கணக்கு எனப்படும் இதில், ஈட்டிய டாலரை டாலராகவே, விதிகள் அனுமதிக்கும் காலம்வரை வைத்திருக்கலாம். வெளிநாட்டுக் கண்காட்சிக் கட்டணம், முகவர் தரகு, இணையப் பதிவுத் தளங்களுக்கான கட்டணம் போன்ற செலவுகளை அக்கணக்கிலிருந்தே செலுத்தினால் இருமுறை நாணயம் மாற்றும் செலவு மிஞ்சும். இக்கணக்குக்கு வட்டி இல்லை. டாலர் ஏறும் என்று காத்திருப்பதற்கான இடமாக இதைக் கருதக்கூடாது.

6. ஒரே நாட்டவரை நம்பியிராதீர்கள். 2007-இல் அமெரிக்கரை மட்டும் நம்பியிருந்தவருக்கும் ஐரோப்பியரையும் சேர்த்து வரவேற்றவருக்கும் இருந்த வேறுபாட்டை மேலே கண்டோம். உள்நாட்டுப் பயணிகளுக்கும் உங்கள் தொழிலில் இடம் இருக்கட்டும். அவர்கள் தரும் ரூபாயில் மாற்று விகிதச் சிக்கல் இல்லை.

7. சிறு கடை நடத்துவோர் அட்டை வழியாகப் பணம் பெறும் வசதியை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்ச் சிலையை வெளிநாட்டவர் அட்டையில் வாங்கினால், உங்கள் விலை ரூபாயிலேயே பதிவாகும். நாணயம் மாற்றும் பொறுப்பு அவருடையது. வெளிநாட்டு நாணயத் தாளை நேரடியாகப் பெற்று மாற்றுவதற்கு உரிமம் தேவை என்பதையும் மறவாதீர்கள்.

இவற்றுள் எதையும் தொடங்குமுன் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு தாளில் ஓராண்டின் வரவை நாணயவாரியாகவும், எதிரே செலவை நாணயவாரியாகவும் எழுதுங்கள். டாலர் இன்றைய விலையிலிருந்து பத்து விழுக்காடு இறங்கினால் மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்கிடுங்கள். மிஞ்சும் தொகையைக் கொண்டு கடன் தவணையையும் ஊழியர் ஊதியத்தையும் தர முடியுமாயின் கவலை வேண்டியதில்லை. முடியாதெனில், அடுத்த பருவத்துக்கான விலைப் பட்டியலை முகவருக்கு அனுப்புவதற்கு முன், அந்தத் தாளுடன் உங்கள் கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவை அணுகுங்கள்.